ஈர்: விடிய மூன்றரைக்கு நான் பார்க்கிற வானிலை

ஈர் (Yr) என்ற இந்த வானிலைச் செயலியின் பெயரை வீட்டில் முதன்முதல் சொன்னபோது மனிசி கேட்ட கேள்வி: "என்னப்பா, தலையில இருக்கிற ஈரோ?"

இல்லை. நோர்வே மொழியில் 'ஈர்' என்றால் தூறல். சரியாக உச்சரிக்க வேண்டுமென்றால் 'ஊ' சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லிப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக முயன்று பார்க்கிறேன், இன்னும் சரிவரவில்லை. என் வாயில் அது ஈர் தான். ஈரம் என்ற நம் சொல்லில் பாதி. அதனால் பொருத்தமாகவே இருக்கிறது.

பெரும்பாலானோர் இதைக் குடை எடுப்பதா விடுவதா என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது தொழில் கருவி. ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் ஆறு கட்டடங்கள் கொண்ட ஒரு குடியிருப்பில் நான் வக்த்மேஸ்டர், அதாவது பராமரிப்பாளர். குழாய் ஒழுகினால் நான், மின்குமிழ் எரியாவிட்டால் நான், பனி கொட்டினால் நிச்சயமாக நான். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நான் எத்தனை மணிக்கு எழும்புவது என்பதை இந்தச் செயலிதான் முடிவு செய்கிறது. ஒரு பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா தெரியவில்லை.

முதலில் இது யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1866இல் தொடங்கிய நோர்வே வளிமண்டலவியல் நிறுவகமும், நாட்டின் பொது ஒலிபரப்பான என்.ஆர்.கே.யும் சேர்ந்து 2007இல் இதைத் தொடங்கின. காசு இல்லை, விளம்பரம் இல்லை. நோர்வேயின் இரண்டு எழுத்து வழக்குகளிலும், ஆங்கிலத்திலும், வடக்குச் சாமி மொழியிலும் பார்க்கலாம். கணிப்புத் தரவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். வரிப்பணத்தில் உருவானது ஊருக்கே பொது என்ற எண்ணம். வரி கட்டுகிறபோது எனக்கு வயிறு எரிவது வழக்கம். விடிய மூன்றரைக்கு இதைத் திறக்கும்போது கொஞ்சம் தணியும்.

நான் 1987இல் வந்தபோது ஃபின்மார்க்கில், நாட்டின் வடக்கு முனையில், ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஆட்கள் பலருக்கு நோர்வே தொடங்கிய இடம் அதுதான். நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். மத்தியானம் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான். அப்போது வானிலை என்றால் வானொலி. கடற்கரைப் பகுதிகளின் பெயர்களை ஒருவர் தேவாரம் படிப்பதுபோல் ஒரே இராகத்தில் வாசித்துக்கொண்டு போவார். எங்கள் பகுதி வந்ததும் தொழிற்சாலையில் கத்திச் சத்தம் நின்றுவிடும். காற்று எத்தனை, படகு வருமா, நாளைக்கு மீன் இருக்குமா, எங்களுக்கு வேலை இருக்குமா. மொழி முழுவதும் விளங்காத காலத்திலேயே 'குலிங்', 'ஸ்தோர்ம்' என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. முதலாவது பலத்த காற்று. இரண்டாவது வந்தால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

சரி, செயலிக்கு வருவோம்.

திறந்ததும் ஒரு வானம் தெரியும், மேகம், சூரியன், நேரம் என்று. அழகான படம். அதைப் பார்க்காதீர்கள். கீழே இறங்கி அட்டவணைக்குப் போங்கள். மணிக்கு மணி வெப்பநிலை, மழையளவு, காற்று. மழையளவு ஒரே எண்ணாக வராது, இரண்டு எண்களாக வரும்: 0–0.4 என்றோ 1.2–3.5 என்றோ. இந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான் நான் இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன். என் பழைய கைபேசியோடு வந்த வேறொரு செயலி, பெயர் வேண்டாம், எல்லாவற்றையும் அடித்துச் சொல்லும். பத்து மணிக்கு மழை, பதினொரு மணிக்கு வெயில். சாத்திரக்காரர் போல. ஈர் அப்படிச் சொல்லாது. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டையும் முன்னால் வைத்துவிடும். இரண்டு எண்களும் கிட்டக் கிட்ட இருந்தால் அவர்களுக்கே நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். எட்ட எட்ட இருந்தால் நான் அலாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளுவேன்.

பனி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. அட்டவணையில் பனியும் மில்லிமீற்றரில்தான் வரும், உருகிய தண்ணீர்க் கணக்கு. பூச்சியத்துக்குச் சில பாகை கீழே என்றால் ஒரு மில்லிமீற்றர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் பனி. நல்ல குளிரில் இன்னும் பொங்கி நிற்கும், பூச்சியத்துக்குக் கிட்ட அமுங்கி இருக்கும். ஆனால் முதுகுக்கு வேறு கணக்கு: பத்து மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றரில் பத்துக் கிலோ. பொங்கி இருந்தாலும் பத்துக் கிலோ, அமுங்கி இருந்தாலும் பத்துக் கிலோ. பாதைகளைச் சின்ன உழவு இயந்திரத்தால் தள்ளலாம். படிக்கட்டுகளையும் குப்பைத்தொட்டி வாசலையும் கையால்தான் அள்ள வேண்டும். இரவு படுக்கும்போது எண்களைக் கூட்டிப் பார்த்து, காலையில் எத்தனை கிலோ காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு படுப்பேன்.

ஊரில் இருந்து கதைப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "மைனஸ் இருபதாமே, எப்பிடித் தாங்கிறியள்?" மைனஸ் இருபது ஒரு பிரச்சினையே இல்லை. பனி காலடியில் நொறுநொறுவென்று சத்தம் போடும், சப்பாத்து நன்றாகப் பிடிக்கும், காற்று இல்லாவிட்டால் இரண்டு கம்பளி உள்ளாடையோடு காரியம் முடிந்தது. ஆளைக் கொல்வது பூச்சியம். பகலில் +2, இரவில் −2. பகலில் உருகி இரவில் உறைந்து, காலையில் பாதை முழுவதும் எண்ணெய் பூசிய கண்ணாடி. ஐஸ் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும்போது அதன் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், அதுதான் சறுக்குவது. ஒஸ்லோ பிளின்டர்ன் வானிலை நிலையத்தின் ஜனவரிச் சராசரி 1961 முதல் 1990 வரையான காலத்தில் −4.3 பாகை. 1991 முதல் 2020 வரை −2.3. குளிர் குறைந்தால் நல்லதுதானே என்பார்கள். என் தொழிலில் அது நல்லதல்ல. பூச்சியத்துக்கு இரண்டு பாகை கிட்ட வந்துவிட்டோம் என்றுதான் அதற்கு அர்த்தம். பாதை சறுக்காமல் இருக்கப் போட முன்பெல்லாம் நான் வாங்குவது கூடுதலாகச் சிறுகல். இப்போது உப்பு.

பூச்சியத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது ஒரு விபத்து. ஒரு நவம்பர். மாலையில் மழை பெய்து ஓய்ந்தது. படுக்க முன் ஈரைப் பார்த்தேன்: இரவு முழுவதும் +2, தெளிந்த வானம், நிலா அடையாளம். பூச்சியத்துக்கு மேலே, மழையும் இல்லை, அப்புறம் என்ன என்று அலாரத்தை ஆறரைக்கு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஆறு மணிக்கு மூன்றாம் கட்டடத்தில் இருக்கிற எழுபத்தெட்டு வயது அம்மா நாயோடு வெளியே வந்து, வாசலிலேயே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

நான் செயலியைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு கையில் மாவுக்கட்டோடு அந்த அம்மாவே எனக்கு விளக்கம் சொன்னார். அவர் ஒரு பண்ணைக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர். "அவர்கள் சொன்னது சரிதான். வெப்பமானி இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நான் தரையில் அல்லவா நடக்கிறேன்?"

அவ்வளவுதான் விசயம். உலகம் முழுவதும் காற்றின் வெப்பநிலையை நிலத்தில் இருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்தில்தான் அளக்கிறார்கள். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி நிலத்தின் சூட்டைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்து காற்றும் அடங்கினால் நிலம் தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தலைக்கு மேலே +2 இருக்கும்போது காலடியில் −2 இருக்கும். இதற்கு இங்கே 'பக்கெஃப்ரொஸ்ட்' என்று தனிச்சொல்லே உண்டு, நிலவுறைவு என்று சொல்லலாம். செயலியில் எல்லாம் இருந்தது: மாலை மழை இருந்தது, தெளிந்த வானம் இருந்தது, காற்று செக்கனுக்கு 1 மீற்றர் என்று இருந்தது. மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவன் நான். அன்றிலிருந்து ஈரமான தரை, நிலா அடையாளம், +3க்குக் கீழே என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் உப்பு வாளி வாசலில் தயாராக இருக்கும். அந்த அம்மாவின் நாய் இப்போதும் என்னைக் கண்டால் குரைக்கிறது. அதற்கு மன்னிக்கத் தெரியவில்லை.

உப்பைப் பற்றியும் ஒன்று. −8 அளவுக்குக் கீழே போனால் உப்பு சோம்பேறியாகிவிடும், கொட்டிப் பிரயோசனமில்லை. அப்போது சிறுகல் போட வேண்டும். ஆகவே அட்டவணையில் காலை ஆறு மணி எண்ணைப் பார்த்துத்தான் எந்த வாளி என்று முடிவு. போட்ட கல் முழுவதும் ஏப்ரலில் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கும். தெருக் கூட்டும் வண்டிகள் வந்து, ஊரே தூசு மண்டலமாகும். நோர்வேயின் வசந்தத்தைப் பற்றிப் பூக்களையும் பறவைகளையும் வைத்து எழுதுகிறவர்கள் இந்தத் தூசைத் தின்றதில்லை போலும்.

எங்கள் பள்ளத்தாக்குக்கு இன்னொரு குணம். குளிர்ந்த காற்று பாரமானது, காற்று அடங்கிய குளிர்கால இரவில் அது வழிந்து கீழே வந்து தேங்கி நிற்கும். மேலே மலையில் சறுக்கப் போனவர்கள் வெயிலில் தோடம்பழம் தின்றுகொண்டிருக்க, கீழே நாங்கள் புகை மூட்டத்தில் நடுங்குவோம். இதைப் பழைய கணிப்புகள் சரியாகப் பிடிப்பது கடினமாக இருந்தது. 2018இல் இருந்து வீடுகளின் பால்கனிகளில் ஆட்கள் தாங்களே வாங்கி வைத்திருக்கும் சிறு வானிலைக் கருவிகளின் அளவுகளையும் ஈரின் வெப்பநிலைக் கணிப்பில் சேர்க்கிறார்கள். அரசாங்க நிலையம் ஒன்று இருக்கிற இடத்தில் பால்கனிகள் நூறு. சில பால்கனிகளில் வெயில் நேரே விழும், சிலவற்றில் பக்கத்தில் சிகரெட் பிடிப்பார்கள். அப்படித் தப்பாக வருவதைச் சலித்துத் தள்ள ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு எங்கள் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் அட்டவணையில் தெரியத் தொடங்கியது என்பது என் அனுபவம். இடத்தைத் தேடும்போது வெறுமனே ஒஸ்லோ என்று போடாமல் உங்கள் பகுதியின் பெயரைப் போடுங்கள். ஒஸ்லோ என்பது கடலில் தொடங்கிக் காட்டு மலையில் முடிகிற ஊர்.

அடுத்த தொண்ணூறு நிமிடத்துக்கான மழைக்கோடு ஒன்றும் உண்டு. ராடாரை வைத்துச் செய்வது. புல் வெட்டும் மாதங்களில் இதுதான் எனக்குக் கடவுள். 'இருபது நிமிடத்தில் மழை' என்றால் வெட்டும் இயந்திரத்தைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு தேத்தண்ணி போடப் போவேன். பக்கத்துக் கட்டடத்துப் பெடியன்கள் இதை மந்திரம் என்று நினைத்திருந்தார்கள். மேலே வானத்தைப் பார்த்து, "அண்ணை, எப்பிடித் தெரியும்?" என்பார்கள். நானும் கனகாலம் கைபேசியைக் காட்டாமல், காற்று மணக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

'உணரும் வெப்பநிலை' என்ற எண்ணை வைத்து ஆட்கள் பயம் காட்டுவது எனக்குப் பிடிக்காது. −10 பாகையில் செக்கனுக்குப் பத்து மீற்றர் காற்று அடித்தால் −20 போல உணரும் என்பது சூத்திரப்படி சரி. ஆனால் அது திறந்த முகத்தின் தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும் என்ற கணக்கு. தண்ணீர்க்குழாய்க்கும் கார் பற்றரிக்கும் உணர்வு கிடையாது, அவைக்கு −10தான். "ஃபீலிங் −20, குழாய் வெடிக்குமோ?" என்று என்னை இரவில் அழைத்துக் கேட்காதீர்கள்.

பிறகு, பத்து நாள் கணிப்பு. இங்கேதான் இந்த நாட்டு மக்களோடு எனக்குச் சண்டை. முதல் இரண்டு, இரண்டரை நாள் மணிக்கு மணி தருவது நோர்வே, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகள் சேர்ந்து நடத்துகிற, 2.5 கிலோமீற்றர்க் கட்டங்களாக நிலத்தைப் பிரித்துக் கணக்கிடுகிற கணினி மாதிரியுரு. அதற்கு அப்பால் ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரியுரு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு எண். ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று போகப் போக அது ஒரு சாடைதான்; அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மே மாதம் ஏழாம் திகதி விடிந்தால் போதும், நாடு முழுவதும் பதினேழாம் திகதியின் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். மே 17 அரசியலமைப்பு நாள். எல்லோரும் பாரம்பரிய உடை உடுத்து, கொடி பிடித்து ஊர்வலம் போகிற நாள். அந்தக் கம்பளி உடைகள் விலை கூடியவை, மழையில் நனைக்க மனம் வராது. மேகப் படம் வந்தால் மூஞ்சி தொங்கும். அடுத்த நாள் சூரியன் வந்தால் சிரிப்பு. அதற்கு அடுத்த நாள் மறுபடி மேகம். நான் பதினைந்தாம் திகதி இரவு ஒரே ஒரு தடவை பார்ப்பேன். மனிசி மட்டும் தினமும் பார்ப்பார், ஆனால் வானத்தை அல்ல, மகரந்தக் கணிப்பை. பேர்ச் மரம் பூக்கிற அந்தக் காலத்தில் அவருடைய தும்மலும் ஈரின் மகரந்த நிறமும் ஒத்துப்போகும்.

பேர்கனில் இருக்கிற என் மச்சானுக்கு இந்தச் சண்டை எதுவும் விளங்காது. அங்கே வருடத்துக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீற்றர் மழை. 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரை தொடர்ந்து 85 நாள் மழை பெய்த ஊர். "செயலியைத் திறக்க என்ன இருக்கு? குடையைத் திறந்தால் சரி" என்பான். ஆனால் அவன் ஊரில்தான் இன்றைய வானிலைக் கணிப்புக்கே அடித்தளம் போட்டார்கள். முதல் உலகப்போர் காலத்தில், 1917இல், வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற வானிலை விஞ்ஞானி பேர்கனுக்கு வந்தார். போரால் வெளிநாட்டு வானிலைத் தந்திகள் கிடைக்காமல் போக, மேற்குக் கரை நெடுக அவதானிப்பு நிலையங்களைப் பெருக்கினார்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒரு கோட்டில் மோதுவதை அவர்கள் கண்டுபிடித்து, அதற்குப் போர்முனையின் பெயரையே வைத்தார்கள். இன்றும் வானிலைப் படத்தில் நீலப் பல்லும் சிவப்பு அரைவட்டமுமாக வரைகிற 'முனை' அதுதான். மழை கொட்டுகிற ஊருக்கு மழையைப் படிக்க வந்தது நல்ல தெரிவு.

எச்சரிக்கை நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் அடிக்கடி வரும், பழகிவிடும்; அந்தப் பழக்கம் ஆபத்தானது. 2023 ஆகஸ்டில் 'ஹன்ஸ்' என்று பெயரிட்ட கடும் வானிலைக்குக் கிழக்கு நோர்வேயின் சில பகுதிகளுக்குச் சிவப்புப் போட்டார்கள். எங்கள் பகுதியில் நான் முதல் நாளே மழைநீர் வடிகால் மூடிகள் எல்லாவற்றையும் திறந்து இலையும் மண்ணும் அள்ளினேன். நிலக்கீழ் அறைகளுக்குள் தண்ணீர் வரவில்லை. அதே கிழமை குளோமா ஆற்றில் பிராஸ்கெரைட்ஃபொஸ் மின்நிலைய அணை தண்ணீரின் தள்ளலில் உடைந்து போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆகஸ்ட் மாதம், கோடை விடுமுறை முடிந்த கையோடு. வடக்கு நாட்டின் காலநிலை என்றால் பனி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

குறைகள்? தமிழில் இல்லை, எங்கள் அம்மாமார் படத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள், நான் பார்க்க வேண்டாம் என்று சொன்ன அதே படத்தை. பல மணித்தியாலங்களுக்குச் சேர்த்து ஒரே படம் போடுவது எனக்கு ஒப்பவில்லை. காலையில் பத்து நிமிடம் தூறி, பிறகு மத்தியானம் வரை வெயில் எறித்தாலும் அந்தக் காலை முழுவதற்கும் ஒரு மேகமும் துளியும் வந்து நிற்கலாம். யாழ்ப்பாணத்துக்கும் பார்க்கலாம், உலகத்தில் எந்த ஊருக்கும் பார்க்கலாம், ஆனால் ராடாரும் பால்கனிக் கருவிகளும் 2.5 கிலோமீற்றர்க் கட்டமும் இந்த வடக்கு நாடுகளுக்குத்தான். மாரி மழைக்கு இதை நம்பி அக்காவுக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை. அவருக்கு வாடைக்காற்று போதும்.

இங்கே பத்திரிகைகளில் விமர்சனத்துக்கு நட்சத்திரம் போடுவதில்லை, பகடை போடுவார்கள், ஒன்றில் இருந்து ஆறு வரை. 1952இல் ஒரு நாளிதழ் தொடங்கி வைத்த பழக்கம். என் பகடை ஐந்து. அந்த முதல் படத்தைத் தூக்கிவிட்டு அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவந்தால் ஆறு.

இதை எழுதும்போது இரவு ஒன்பது மணி, மார்ச் மாதம். ஏழு மணி வரை மழையும் பனியும் கலந்து பெய்து ஓய்ந்திருக்கிறது. பாதை ஈரம். அட்டவணையைப் பார்க்கிறேன்: பதினொரு மணிக்கு +2, ஒரு மணிக்கு +1, மூன்று மணிக்கும் +1, மழை 0, காற்று 1. ஒரு மணியில் இருந்து நிலா.

உப்பு வாளி வாசலில் இருக்கிறது. அலாரம் மூன்றரைக்கு.